கால்வாய் லேன் தண்ணீர்க் கமிட்டி

மழை பெய்தால் உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் என் உத்தியோகம். இதைவிடச் சாதுவான கேள்வி கிடையாது என்று நம்பித்தான் அதில் சேர்ந்தேன்.

சனத்தொகைக் கணக்கெடுத்தவர்கள், நுளம்பு மருந்தடிக்கப் போனவர்கள், கதவைத் தட்டிப் படிவம் நீட்டுகிற எந்த வேலையிலும் இடுப்பொடிந்தவர்கள் எல்லாருக்கும் என் கஷ்டம் விளங்கும். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தம் வடக்கில்தான் நடந்தது. ஆனால் கொழும்பில், தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் ஒரு கதவைத் தட்டினால் உள்ளே முதலில் ரேடியோ நிற்கும், பிறகு பேச்சு நிற்கும், கடைசியில் யன்னல் சீலை ஒரு விரலளவு விலகும்.

நகரத்துக் கால்வாய்களைத் திருத்துகிற திட்டமொன்றில் எனக்கு வேலை. ஒரு கால்வாய்க்கு எங்கெங்கிருந்து தண்ணீர் வந்து சேருகிறதோ அந்த இடம் முழுவதற்கும் எங்கள் படிவத்தில் 'நீரேந்து பிரதேசம்' என்று பெயர். அங்கே குடியிருக்கும் சனத்தைக் கூட்டி, அவர்களையே வரைபடம் கீறவைத்து, எங்கே தண்ணீர் வடியக் கான் வெட்டுவது, எதைத் துப்புரவாக்குவது என்று அவர்களையே முடிவெடுக்கவைக்க வேண்டும். எனக்குத் தந்தது காலி வீதியிலிருந்து கால்வாய்க்கு இறங்குகிற ஒரு லேன். அளவு வேலைக்கு என்னோடு வந்தவர் நிமல். சிங்களவர், தமிழ் விளங்கும், கதைப்பது குறைவு.

வெறுந்தாள்

முதல் கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ரியூஷன் வகுப்பு நடக்கிற மண்டபத்தில். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். எங்கே தண்ணீர் நிற்கும், எத்தனை நாள் நாறும், எந்த வீட்டுக்குள் பாம்பு வந்தது என்று ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கினார். எனக்குப் பெரிய சந்தோஷம். கையெழுத்து வைக்கச் சொல்லி வரவுத் தாளைச் சுற்றுக்கு விட்டேன்.

தாள் கை மாறி மாறி மண்டபம் முழுக்கச் சுற்றி, நாலாக மடிந்து என்னிடம் திரும்பி வந்தது. ஒரு பெயர்கூட இல்லை. அதோடு போன என் பேனையும் இல்லை. அதுவரை வாய் ஓயாமல் கதைத்த சனம் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. றெயில்வேயில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்த தம்பிராசா ஐயா மட்டும் எழும்பி வந்து, எண்பத்து மூன்று கலவரத்தில் தமிழரை அடிக்க வந்தவர்களின் கையிலும் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்ததென்று மெதுவாகச் சொன்னார். பிறகு சொன்னார்: "கேக்கிறதெல்லாம் சொல்லுறம், பிள்ளை. ஆர் சொன்னதெண்டு தண்ணிக்குத் தெரியத் தேவையில்லைத்தானே."

செயலாளர்

இரண்டாவது கூட்டத்தில் தாளில் ஒரே ஒரு பெயர் இருந்தது. கி. ரமணன். வடிவான, உருண்டை உருண்டையான எழுத்து. துணிந்து கையெழுத்து வைத்த ஒருவராவது இருக்கிறாரே என்று, அவரையே கமிட்டிச் செயலாளராகப் போடலாம் என அறிவித்து, எழும்பி நிற்கச் சொன்னேன்.

ஒருவரும் எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த விதத்தில் நானும் பார்த்தேன். வாசலில் வெயில்தான் கிடந்தது. கடைசி வாங்கிலிருந்து நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழும்பினார். புஸ்பம் அக்கா. மகன் இண்டைக்கு வர வசதிப்படவில்லை, தான்தான் அவனுக்காக வைத்ததாகச் சொன்னார். அவன் எட்டு மாதத்துக்கு முன் பஸ் நிலையத்தில் வைத்து ஜீப்பில் ஏற்றப்பட்டவன் என்பதும், எந்த முகாமிலும் அவன் பெயர் இல்லை என்பதும் கூட்டம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பெயரை வெட்டலாமா என்று அவரிடமே போய்க் கேட்டேன். அவர் என் கையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார்.

"வெட்டாதையுங்கோ, பிள்ளை. அரசாங்கக் கடதாசி ஒண்டிலயாவது அவன் இருக்கட்டும்."

உயரமான கோடு

வெள்ளம் ஆகக் கூட ஏறின உயரத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் வீட்டுக்காரரே சோக்கால் கோடு போட்டுக் காட்டவேண்டும். நிமல் அதை அளந்து எழுதுவார். முழங்கால், தொடை, முழங்கால் என்று கோடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. லேன் முகப்பில் தையல் மெசின் போட்டிருந்த சிவலிங்கத்தார் வீட்டில் மட்டும் கோடு எங்கள் தலைக்கு மேலே இருந்தது. சோக் இல்லை, மண்ணிறம். சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை.

நிமல் மூன்று தரம் அளந்தார். அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்திருந்தால் காலி வீதி மூழ்கி, கடலும் கால்வாயும் ஒன்றாகியிருக்கும் என்று சிரித்துவிட்டு, எந்த வருஷத்து வெள்ளம் என்று கேட்டார். சிவலிங்கத்தார் மெசினை நிறுத்தவில்லை. நாலு தரம் பெயின்ற் அடித்தாகிவிட்டது, மழை தொடங்கினால் அது தானாக வெளியில் வரும் என்றார். தையல் ஒரு முனைக்கு வந்து நூலை அறுத்த பிறகுதான் நிமிர்ந்து, நிமலைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"அது தண்ணி நிண்ட கோடில்லை, மல்லி. எண்பத்து மூண்டில புகை நிண்ட கோடு."

பச்சைத் தண்ணீர்

சனம் தரையில் கீறின வரைபடத்தில் ஒரு சிக்கல். லேனின் நடுவில் கான் நிலத்துக்குக் கீழே போகிறது; ஆனால் கால்வாய்ப் பக்கத்து வாய் எப்போதும் காய்ந்தே கிடக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது? நிமல் லேன் முகப்புச் சோதனைச் சாவடியில் நிற்கிற ஆமிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பச்சைச் சாயத்தூளைக் கரைத்துக் கானில் ஊற்றினார். கமிட்டிக்காரர் ஒவ்வொரு மூடியையும் திறந்து காவல் நின்றார்கள். கால் மணித்தியாலத்தில் வரவேண்டிய பச்சை, அரை மணித்தியாலமாகியும் எங்கேயும் வரவில்லை.

பிறகு முப்பத்தோராம் இலக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, மழையில்லாத காலையிலும் அந்த வீட்டுக்குள் தண்ணீர் சத்தம் கேட்கிறது, பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றார். அது பூட்டிக்கிடக்கிற வீடு; ஆட்கள் கனடா போய் இரண்டு வருஷம். சாவி தம்பிராசா ஐயாவிடம் இருந்தது. பின்வளவில் கொங்கிறீற் பலகையால் மூடின ஒரு பழைய கிணறு. ஒரு காலத்தில் யாரோ கானை அதற்குள் திருப்பி விட்டிருக்கிறார்கள். நாலு பேர் பலகையைத் தள்ளினார்கள். கிணறு விளிம்புவரை நிறைந்து, அடியில் விளக்கெரிவதுபோலப் பச்சையாக ஒளிர்ந்தது. லேன் முழுக்க வந்து சுற்றி நின்றது. எல்லாரும் நினைத்தது ஒன்றுதான் என்பது, புஸ்பம் அக்கா வர அவர்கள் விலகி வழிவிட்டதில் தெரிந்தது.

தண்ணீரை இறைத்து முடிக்க இரண்டு நாள். இறங்கியவர் மாரிமுத்து, கிராண்ட்பாஸில் இருந்து வருகிற கான் துப்புரவுத் தொழிலாளி, தாய் தகப்பன் மலையகத் தோட்டம். உள்ளே குழாய் வாய்க்குள் கையை விட்டு எதையோ இழுத்தார். கறுப்பாக, நீளமாக, பளபளத்துக்கொண்டு, இழுக்க இழுக்க வந்தது. புஸ்பம் அக்கா இருந்த இடத்திலேயே மண்ணில் குந்திவிட்டார். நிமல் தண்ணீர் இறைக்கிற பம்பை நிறுத்தினார். கிணற்றுக்குள் இருந்து மாரிமுத்துவின் குரல் வந்தது: முடி இல்லீங்கம்மா, கேசட்டு டேப்பு.

அதற்குப் பிறகு வாளி வாளியாக வந்தது. கேசட்டுகள், கூழாகிப்போன கடிதக் கட்டுகள், முகம் கரைந்த அல்பங்கள், பொலித்தீனில் சுற்றிய டயறிகள். ஆமி வீடு வீடாகத் தேட வந்த ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் ஒவ்வொரு வீடும், கண்ணில் படக்கூடாததைத் தன் தன் கானுக்குள் தள்ளியிருக்கிறது. லேனை வருஷா வருஷம் மூழ்கடித்த அடைப்பு அதுதான். எல்லாரும் தங்களுடையதை அடையாளம் கண்டார்கள், ஒருவரும் கிட்டப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து லேன் முகப்பு ஆமிக்காரன் ஒருவன் கேற்றடிக்கு வந்து, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தான். நிமல் அதற்குள் குவியல் முழுவதையும் சேற்றால் மூடியிருந்தார். முழங்கைவரை சேற்றோடு அவனிடம் போய், கக்கூஸ் ஊத்தை, வேண்டுமென்றால் வந்து மணந்து பார் என்று சிங்களத்தில் சொன்னார். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். நிமல் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார்.

"மிஸ், ரிப்போட்ல மண் எண்டு எழுதுங்க. வேற ஒண்டும் நான் பாக்கல்ல."

வேறு கையெழுத்து

கிணற்றடியில் குந்தின புஸ்பம் அக்காவுக்கு அன்றிரவே பிறஷர் ஏறி, களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஆகவே அடுத்த கூட்டத்து வரவுத் தாள் மறுபடியும் வெறுமையாகத்தான் வரும் என்று நினைத்தேன். விரித்துப் பார்த்தால் கி. ரமணன் இருந்தான். உருண்டை எழுத்து இல்லை. சரிந்த, நடுங்கின, யாரோ ஒருவருடைய எழுத்து. தலையை நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். புதிய முகம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிந்தின கூட்டத்திலும் அவன் வந்திருந்தான், மூன்றாவது எழுத்தில். ரமணன் கிடைத்ததாக, நான் அந்த லேனுக்குப் போய்வந்த காலம் முழுக்க ஒரு செய்தியும் இல்லை. ஆனால் வரவுத் தாளின்படி ஒரு கூட்டத்துக்கும் அவன் வராமல் விட்டதில்லை. தன் பெயரை எழுதப் பயந்த சனம் அவன் பெயரை மாறி மாறி எழுதியிருக்கிறது. யார் என்று நான் கேட்டபோது சிவலிங்கத்தார் அளவு நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு சொன்னார்: "தாய் வராத நாளில பெடியன் தனியத்தானே வந்துபோகவேணும்."

வடிந்த மழை

அடைப்பு எடுத்து, கான் புதிதாகக் கட்டி, லேனை உயர்த்தி எல்லாம் முடிந்த பிறகு, ஐப்பசியில் முதல் பெருமழை. வேலையின் பலனைப் பார்க்க நானும் நிமலும் குடையோடு போனோம். முன்பு மூன்று நாள் முழங்காலளவு நிற்கிற தண்ணீர், முக்கால் மணித்தியாலத்தில் போய்விட்டது. லேன் கழுவின கரும்பலகைபோல மினுங்கியது. நிமல் படம் எடுத்தார்.

பிறகுதான் கவனித்தேன். மாடிகளிலும் வாசல்களிலும் சனம் நிறைந்து நின்றது, ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அவர்கள் கானைப் பார்க்கவில்லை. லேன் முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரு ஆமி ஜீப் மெதுவாக லேனுக்குள் திரும்பியது. ஈரத்தில் டயர் சீறுகிற சத்தம் மட்டும். லேனின் நடுவரை வந்து, எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. அப்படியே பின்னுக்குப் போனது. அது போய் மறைந்த பிறகும் சனம் அசையவில்லை. பக்கத்தில் நின்ற தம்பிராசா ஐயாவிடம், இப்படி ஜீப் வருவதை ஏன் ஒரு கூட்டத்திலாவது சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் தண்ணியைப் பற்றித்தானே கேட்டனீங்கள் என்றார். பிறகு குடையை மடித்து நீரை உதறிக்கொண்டு சொன்னார்:

"முந்தி வெள்ளம் நிண்டா ஜீப் உள்ளுக்கு வராது, பிள்ளை. அந்த மூண்டு நாளும்தான் நாங்கள் நித்திரை கொண்டனாங்கள்."

தண்ணீருக்கு வழி திறந்துவிடுகிற உத்தியோகத்தில் ஐந்து வருஷம் இருந்தேன். அந்த வழியால் வேறு யார் வருவார்கள் என்று கேட்பதற்கு எங்கள் படிவத்தில் கடைசிவரை ஒரு கட்டமும் இருக்கவில்லை.