இறந்தவளின் விடுப்பு

ஜோதி இறந்து பத்து நாள் ஆன பிறகும் அவளுடைய லீவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் ஜெயசீலனுக்குத்தான் லீவு இல்லை.

அவன் ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில், தோல் பதனிடும் டிரம்மில் வேலை செய்யும் ஆள். ஊறிய தோலை வாரி இறக்கியே முப்பது வயதுக்குள் முதுகு வளைந்துவிட்டது. ஜோதி ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். பெண் குழந்தையைப் பெற்றுப்போட்டவள் ஆஸ்பத்திரியை விட்டு உயிரோடு வரவில்லை. அவனுக்கென்று இருந்த லீவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கல்லறையிலும் தீர்ந்துபோயிற்று. இதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணும் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள்.

மேஸ்திரி சத்தாரிடம் போய்க் கேட்டான்.

"பெத்தவளுக்குத்தான்யா லீவு. நீ இன்னா பெத்தியா?" என்றார் சத்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "வேணும்னா வேலைய வுட்டு நின்னுக்கோ. உன் எடத்துக்கு ஆளு கேட்லயே நிக்கிறான்."

ஜோதியின் கம்பெனிக்குப் போனான். தொழிலாளர் நலன் பார்க்கும் ஷர்மிளா அவனை உட்காரவைத்துப் பேசினாள். தாய் இறந்தாலும் பிள்ளை உயிரோடு இருப்பதால், இருபத்தாறு வாரப் பேறுகாலப் பணமும் சட்டப்படி வந்துவிடும் என்றாள்.

தோல்ஷாப்பில் ஒருவன் ஷிஃப்டை இன்னொருவன் மாற்றிக்கொள்வது வழக்கம். அந்த நினைப்பில் அவன் கேட்டான்.

"பணம் வேணாம் மேடம். அவ லீவ எனக்கு மாத்திக் குடுத்துடுங்க. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

ஷர்மிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லீவெல்லாம் மாத்த முடியாதுண்ணா."

"அப்போ பகல்ல இங்க கொழந்தைங்க ரூம்ல விட்டுட்டுப் போறேன்."

"அது டூட்டிக்கு வர்ற அம்மாங்களுக்கு. ஜோதி லீவுலதானே இருக்காங்க? அவங்க டூட்டிக்கு வந்ததும் தாராளமா விடலாம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிலை மட்டும் மாற்றவில்லை. அவன் எழுந்தபோது அக்கறையாகவே சொன்னாள்: "பாப்பாவ ஜாக்கிரதையா பாத்துக்குங்கண்ணா. அதுக்கு எதாச்சும் ஆச்சுன்னா பணம் அன்னியோட நின்னுடும்."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒடுகத்தூர் போனான். ஜோதியின் அக்கா பிரிசில்லா அங்கே இருக்கிறாள், பிள்ளை இல்லாதவள்.

"வளக்கறேன். ஆனா நாளைக்கு அப்பன்னு சொல்லிக்கினு வந்து நிக்கக்கூடாது."

"எப்பனா ஒரு ஞாயித்துக்கெழம, சும்மா பாத்துட்டு போறேன்க்கா."

"வேணாம். உன் மொகம் பழகிடும்."

பிரிசில்லா கையை நீட்டினாள். அவன் கொடுத்துவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் மடி லேசாக இருந்தது. வேலையை விட்டிருக்கலாமே என்று நினைத்தான். விட்டால், அந்த இருபத்தாறு வாரப் பணம் தீர்ந்த பிறகு பாலுக்கு எங்கே போவது என்றும் நினைத்தான். பிள்ளைக்காகத்தான் லீவு கேட்டேனா, இல்லை, ஒரு மூலையில் உட்கார்ந்து அழுவதற்கா?

திங்கட்கிழமை அவனைப் பார்த்ததும் சத்தார் முதுகில் தட்டினார். "வந்துட்டியா? பாத்தியா, லீவே தேவப்படல."

"ஆமா பாய்."

அன்று ஆள் கம்மி. இன்னொருவன் ஷிஃப்டையும் ஜெயசீலனே வாங்கிச் செய்தான். வீட்டுக்குப் போக அவனுக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.