அக்காவின் சைபர்

பேஸ்போல் கையுறை தேங்காய் எண்ணெய் மணக்கும் என்று நான் சொன்னால், அந்த விளையாட்டைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு அந்த விளையாட்டின் மணமே அதுதான். எங்கள் இருவருக்கும் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு, மிச்சத்தைத் தர்சினி அக்காவின் பழைய கையுறையிலும் அம்மா அழுத்தித் தேய்த்துவிடுவார். இத்தாலியில், கபோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் இரண்டறை வீட்டில், கீழேயிருந்து ஏறிவரும் மீன் வாடையையும் மீறி அந்த மணம் நிற்கும். அணிப் பிள்ளைகள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள், அக்கா பந்தெறியத் தொடங்கியபின் விட்டுவிட்டார்கள்.

அவள் எப்படிப் பேஸ்போலுக்குப் போனாள் என்பதற்கு எங்கள் வீட்டுத் திறப்புத்தான் காரணம். வீட்டில் இருந்தது ஒரே திறப்பு; அவள் வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டு, சந்தைச் சனத்தின் நடுவே நின்று அதை மூன்றாம் மாடிக்கு எறிவாள், பல்கனியில் நிற்கும் என் கைக்குள் அது வந்து விழும், நான் கையை அசைக்கவே தேவையில்லை. எதிர் மாடியில் இருந்தவர் இளையோர் பேஸ்போல் அணி ஒன்றின் பயிற்சியாளர், பிள்ளைகள் எல்லோருக்கும் "மிஸ்டர்". இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் அம்மாவிடம் வந்து கேட்டார். "நாங்கள் பள்ளிக்கூடத்திலை பந்தடிச்சு ஓடி விளையாடின எல்லே மாதிரித்தானே, போகட்டும்" என்று அம்மா விட்டுவிட்டார்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: சிறு மேட்டின்மேல் நின்று எறிபவர், மட்டை பிடித்தவர் அடிக்க முடியாதபடி எறிய வேண்டும், அடித்தவர் நான்கு மூலையும் சுற்றி வந்துவிட்டால் ஓர் ஓட்டம். அக்கா மேட்டில் நின்றால் சுற்றி வருகிறவர்கள் அருமை. பையன்களும் பெண்களும் கலந்த அணியில் அவளைப்போல எறிய எவனும் இருக்கவில்லை, இதை நான் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, எதிரணித் தாய்மாரே வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னது.

ஆனால் கணக்கில் ஏறும் போட்டிகளில் ஆடப் பதிவு அட்டை வேண்டும், அட்டைக்குப் "பெர்மெஸ்ஸோ" வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். போர் முடிந்தபின் வன்னியிலிருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அக்காவின் வதிவிட அனுமதி புதுப்பிக்கப் போய், வருடக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. நான் இங்கே பிறந்தவள் என்றாலும் கெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்ற காலைகள் எனக்கும் மனப்பாடம். அதனால் அக்கா எறிந்ததெல்லாம் "அமிக்கேவொலே" எனப்படும் நட்பாட்டங்களில்தான். நட்பாட்டத்தில் நீங்கள் வானத்தை வளைத்தாலும் அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. எனக்கு இன்றும் இதை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் அனுமதி வந்தபோது பருவத்தின் கடைசி ஆட்டம் மட்டுமே மிச்சம். அடுத்த வருடம் அவளுக்கு வயது கடந்துவிடும். பெரிய பெண்களுக்கென்று எங்கள் பக்கத்தில் ஓர் அணியும் இல்லை. ஆக, அக்காவின் முழு வாழ்வுக்கும் அந்த ஒரு மத்தியானம்தான். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பா லீவு எடுத்து வந்திருந்தார். எதிரணியினர் ஒவ்வொருவராக வந்து காற்றை அடித்துவிட்டுத் திரும்பினார்கள், ஆனால் எங்கள் பிள்ளைகளும் ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. கடைசிச் சுற்றில், ஒருவனை வெளியேற்றினால் போதும் என்றிருக்க, அவன் அடித்த பந்து மெல்ல மேலே எழும்பி எங்கள் பையன் ஒருவனின் கைக்குள்ளேயே இறங்கியது. அவன் அதை நழுவவிட்டான், பதறிப்போய் எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தான், அடித்தவன் நான்கு மூலையும் சுற்றி வந்துவிட்டான். ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றோம்.

பேஸ்போல் கணக்குக்கு ஒரு நியாயம் உண்டு. பிடிக்க வேண்டியதை மற்றவர் விட்டதால் வந்த ஓட்டம் எறிந்தவரின் கணக்கில் ஏறாது. ஆனால் தோல்வி எறிந்தவரின் பெயரில்தான் ஏறும். அணியின் இணையப் பக்கத்தில் அக்காவின் பெயருக்கு நேரே இப்படி நின்றது: ஆட்டம் ஒன்று, வெற்றி இல்லை, தோல்வி ஒன்று, விட்டுக்கொடுத்த ஓட்டச் சராசரி சைபர்.

எங்கள் சனத்துக்குச் சைபர் என்றால் தெரிந்தது இரண்டுதான்: சோதனையில் எடுக்கும் முட்டை, கிரிக்கெட்டில் ஓட்டமே எடுக்காமல் திரும்பும் வெட்கம். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ரூபன் மாமா, கிரிக்கெட்டில் தன்னை விஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர், கைத்தொலைபேசியில் அதைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் எல்லோருக்கும் காட்டினார். "இவ்வளவு காலம் பந்து பந்தெண்டு திரிஞ்சு, பிள்ளை எடுத்தது சைபர்." பந்தை விட்டது வேறொருவன் என்று அப்பா மெதுவாகச் சொல்ல, "ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்" என்றார் மாமா. சனம் சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா கையுறையை ஒரு பைக்குள் போட்டு, குப்பையோடு கொண்டுபோகச் சொல்லி வாசலில் வைத்துவிட்டாள்.

அம்மா அதைக் கொண்டுபோகவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்தச் சைபர் என்னெண்டு எனக்கு வடிவாச் சொல்லு" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "அப்ப, இவளிட்டை ஒருத்தரும் ஓட்டம் எடுக்கேல்லையோ?" என்றார். இல்லை என்றேன். வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு, வாசலில் இருந்த பையை எடுத்து உள்ளே வைத்தார்.

அடுத்த கிழமை அக்காவின் பிறந்தநாள். எங்கள் சனத்தின் பிறந்தநாள் என்றால் தெரியும்தானே, கேக்கின்மேல் வயதை எண் வடிவ மெழுகுதிரியாய் நிறுத்தாவிட்டால் படம் எடுக்கவே மாட்டார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கபோவில் உள்ள கடைக்குப் போய்ச் சைபர் ஒன்று கேட்டார். சைபருக்கு முன்னால் நிறுத்த எந்த எண் வேண்டும் என்று கடைக்கார சிஞ்ஞோரா கேட்டாள். "சோலோ ஸேரோ" என்றார் அம்மா. அவள் விளங்காமல் என்னைப் பார்க்க, சைபர் மட்டும்தான் என்று நானும் சொன்னேன்.

ரூபன் மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். அம்மா தானே போய் அழைத்தவர். கேக்கின்மேல் தனியே எரிந்த வட்டத்தைப் பார்த்ததும் மாமாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னக்கா, பிள்ளை இண்டைக்குத்தான் பிறந்ததோ?"

"இல்லைத் தம்பி," என்றார் அம்மா, கத்தியை அக்காவின் கையில் கொடுத்துக்கொண்டே. "நீங்கள் ஊரெல்லாம் காட்டின சைபர்தான் இது. என்ரை பிள்ளை ஒருத்தரையும் தன்னைத் தாண்டிப் போக விடேல்லை எண்டதுக்கு அவங்கள் போட்ட சைபர். கேக்கைச் சாப்பிடுங்கோ."

மாமா சாப்பிட்டார். அக்கா மெழுகுதிரியை ஊதவே இல்லை, அது அடிவரை எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் சந்தை கலைந்தபின் கீழே போய், மூடிக் கிடந்த மீன்கடையின் இரும்புக் கதவில் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். தெருவே அதிர்ந்தது. கையில் அந்தக் கையுறை இருந்தது.

இப்போது மைதானத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல், வாசலில் பூட்டு. அணி கலைந்துவிட்டது. மெழுகுதிரி விற்ற கடையில் கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. ரூபன் மாமா லண்டனுக்குப் போய்விட்டார். அம்மா எண்ணெய் வைத்துவிட, வீட்டில் இப்போது எங்கள் தலைகள் இல்லை.

அக்கா துறைமுகத்தில் வேலை செய்கிறாள், நாப்போலிக் கப்பலில் ஏறும் வாகனங்களை வரிசைப்படுத்துவது அவள்தான். போன மாதம் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது "மிஸ்டர்" அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். பழைய இணையப் பக்கத்தைத் துப்புரவாக்குகிறாராம். ஒரே ஆட்டம், அதுவும் தோல்வி, பார்க்க நன்றாக இல்லை, விரும்பினால் அவளுடைய வரியை எடுத்துவிடலாமாம். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அக்கா இத்தாலியனில் அவருக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்று வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"தோல்வியை எடுத்தால் சைபரும் போயிடும். ரெண்டும் கிடக்கட்டும்."

சொல்லிவிட்டு வலக்கையை உயர்த்தினாள். கப்பலை நோக்கி முந்திக்கொண்டு வந்த பெரிய லொறி ஒன்று அந்த இடத்திலேயே நின்றது.