அக்கா பேசாமல் நின்ற நாள்

எங்களைப் பள்ளியில் சேர்க்க அம்மாவும் சித்தியும் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குக் கூட்டிப்போன அன்று எனக்கு நான்கு வயது முடிந்திருந்தது. சித்தப்பா மகளுக்கு என்னைவிட மூன்று மாதம் கூடுதல். அந்த மூன்று மாதத்துக்காக அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். தனியார் பள்ளியில் சின்ன வயதிலேயே சேர்த்துவிட்டால் பிள்ளை யார் முன்னாலும் பயப்படாமல் பேசும் என்பது சித்தியின் நம்பிக்கை. ஒரு மாதமாகச் சமைக்கும் நேரத்தில் எங்களை எதிரே உட்காரவைத்து நிறங்களும் பழங்களும் சொல்லிக்கொடுத்தாள். அக்கா நிறுத்தாமல் ஒப்பிப்பாள். நான் ஆரஞ்சு வரை வந்து நின்றுவிடுவேன், அதற்குப் பிறகு உலகத்தில் பழமே கிடையாது என்பதுபோல.

"அவளைப் பார்த்துக் கத்துக்கோ" என்பாள் அம்மா. மாதம் முழுக்க இதைத்தான் கேட்டேன்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது அக்கா ஜன்னலோரம் பழங்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவள் காதில் சொன்னேன்: "உள்ள பேசினா ஊசி போடுவாங்க. பேசாம இருந்தா விட்டுடுவாங்க."

முணுமுணுப்பு நின்றது. ஒரு நாளாவது அவளைவிட நன்றாகச் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கெட்ட எண்ணம் இல்லை.

பள்ளியில் முதலில் என்னை அழைத்தார்கள். ஆரஞ்சு வரை சொன்னேன். டீச்சர் சிரித்துக் கன்னத்தைத் தட்டினார். அடுத்து அக்கா. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். பெயரைக் கேட்டதற்கும் பதில் இல்லை. சித்தி குனிந்து, "சொல்லும்மா, நேத்துகூடச் சொன்னியே" என்று கெஞ்சினாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த யானைப் படத்தைப் பார்த்தேன்.

"குழந்தை ரொம்பக் கூச்சப்படுது. அடுத்த வருஷம் பார்க்கலாம்ங்க" என்றார் டீச்சர்.

திரும்பும்போது சித்தி எங்களை விட்டு பஸ்ஸின் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கா மட்டும் தப்பித்த சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருஷம் சித்தப்பா, "அதுக்குப் பேச்சே வராது, மறுபடி எதுக்குக் கொண்டுபோய் நிறுத்தணும்?" என்று பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே நன்றாகத்தான் படித்தாள். ஆனால் கூச்சக்காரி என்ற பெயர் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கை தூக்காத பிள்ளையை யாரும் எழுப்பிக் கேட்கவில்லை. என் வகுப்பிலோ இருபது பேர்கூட இல்லை. டீச்சர் எங்களோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பேசவைப்பார். தப்பாகச் சொன்னாலும் முடிக்கும்வரை காத்திருப்பார். சித்தி நம்பியது அத்தனையும் நடந்தது, எனக்கு.

போன மாதம் அக்கா தன் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். "நீயே பேசிடு, எனக்கு வராது" என்றாள். அன்று மாலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அந்த நாளே நினைவில்லை.

"நீ சொல்லாட்டியும் நான் பேசியிருக்க மாட்டேன்டி. பொறந்ததுலேருந்தே நான் அப்படித்தானே" என்று சிரித்தாள்.

அவள் அப்படிப் பிறக்கவில்லை. அடுப்படியில் ஒரு மாதம் உரக்கக் கேட்டது அவள் குரல்தான். நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னது அந்த ஒரு காலை நேரத்துக்கு மட்டும். அது அன்றோடு முடிந்துவிடும் என்றுதான் நான்கு வயதில் நினைத்தேன்.