ஓடாத மெஷினின் சத்தம்

அன்பானவர்களே, கர்த்தர் எங்கள் வீட்டில் செய்ததைச் சபையில் சொல்ல எனக்கு இத்தனை நாள் தைரியம் வரவில்லை. கேட்கிறவர்கள் பயந்துவிடுவார்களோ என்று இருந்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எஸ்தர். கோம்பையில் இருக்கிறோம். என் கணவர் பால்ராஜ், ஏலத்தோட்டங்களில் இடுப்பில் கயிறு கட்டி மரமேறி, நிழல் மரங்களைக் கவாத்து செய்கிறவர். போன வருடம் வைகாசியில், மலையில் வேலை மும்முரமாக இருந்த நேரத்தில், அவர் கிளை அறுக்கும் செயின் சா மெஷின் எரிந்துபோனது. சொந்த மெஷின் இல்லாதவருக்கு அங்கே வேலை கிடையாது. மழை இறங்கிவிட்டால் அந்த வருடத்துப் பிழைப்பே போய்விடும். புதிது வாங்க எங்களுக்கு வக்கில்லை. தேனியில் ஒரு பழைய இரும்புக்கடையில் கிடந்ததை அடிமட்ட விலைக்கு வாங்கி வந்தார்.

அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பிடியில் யாரோ சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். அதில் விரல்களின் பள்ளம் ஆழமாகப் பதிந்திருந்தது. என் கணவர் தன் கையை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அந்த விரல்கள் இன்னும் நீளமானவை.

"யாரு மிசினுங்க இது?"

"யாரோ எடைக்குப் போட்டுட்டுப் போனாகளாம். நமக்கு ஓடுனாப் போதும்ல."

ஓடவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தோம். விறைத்துப்போன பெட்ரோல் டியூபுக்குப் பதில் பைக் டியூபை நறுக்கி மாட்டினார். கேஸ்கட் அட்டையை நானே ஜாக்கெட் வெட்டும் கத்தரியால் வெட்டிக் கொடுத்தேன். பிளக்கில் ஒரு சமயம் பொறி வந்தது, ஒரு சமயம் வரவில்லை. புது பிளக் வாங்கினோம். மெஷினின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்து அவர் தோள் வீங்கியதுதான் மிச்சம். கையில் இருந்ததும் தீர்ந்தது. மெக்கானிக்கிடம் போக வழியில்லை.

தினமும் பொழுது சாயும்போது, அந்த மெஷின் கிடந்த மூலையிலேயே முழங்கால்படியிட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, இதை ஓட வையும்." வேறு ஒன்றும் கேட்கவில்லை. சில நாள் ஜெபத்தின் நடுவில் கரிந்த பெட்ரோல் புகை வாசம் வரும். கண்ணைத் திறந்தால் மெஷின் போட்டபடியே கிடக்கும். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். கணவரிடம் சொல்லவில்லை. அவரும் அந்த மூலையைப் பார்க்காமலே நடமாடினார்.

ஒருநாள் அழுகையும் கோபமுமாகக் கேட்டேன். "ஒரு பழைய மெஷினை ஓட வைக்க உமக்கு மனசில்லையா?"

அடுத்த நாள் மத்தியானம் வாசலில் ஒரு அம்மா நின்றார். காற்றே இல்லாத வெயில். நெற்றியில் திருநீறு. ஓடி வந்தவர்போல் மூச்சு வாங்கினார்.

"தாயி, இந்த வீட்டுல செயின் சா இருக்கா? கைப்பிடியில டியூபு சுத்துனது?"

உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சரஸ்வதி என்று பெயர் சொன்னார். கெங்குவார்பட்டியிலிருந்து வருகிறாராம். அந்த மெஷின் அவருடைய கணவருடையது.

"அந்த மிசினுதான் அவுகளக் கொண்டு போயிருச்சு. மரத்து மேல இருந்தாக. ஆக்சிலேட்டரு மாட்டிக்கிருச்சு. சுவிட்ச அமுத்துறாக, அமுத்துறாக, நிக்கவே இல்ல. கட்டியிருந்த கயித்தையே அறுத்துருச்சு. நான் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த ஆத்திரத்துல எடைக்குப் போட்டேன். ஒடச்சு உருக்கிருவாகன்னு நெனச்சேன்."

வேலையில்லாமல் வீட்டிலிருந்த என் கணவரும் பக்கத்தில் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பக் கொஞ்ச நாளா, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தச் சத்தம் எனக்குக் கேக்குது தாயி. மொதல்ல ரெண்டு விக்கல், அப்புறம் ஓடுது. அக்கம்பக்கத்துல யாருக்கும் கேக்கல. வீரபாண்டிக் கோயில்ல ஆத்தாகிட்ட அழுதேன். அது எங்கன கெடக்குன்னு போயிப் பாருன்னு மனசுல பட்டுச்சு. இரும்புக்கடைக்காரருதான் உங்க ஊரச் சொன்னாக. உங்க மிசினு ஓடுற சத்தந்தான் எனக்குக் கேக்குது போல."

"அக்கா, அது இங்க வந்ததுல இருந்து ஒரு தடவகூட ஓடலக்கா."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரம் என்றால் நான் ஜெபிக்கிற நேரம்.

என் கணவர் மெஷினைத் தூக்கி வந்து பின்கைப்பிடியைத் திறந்தார். அதுவரை நாங்கள் திறக்காத இடம் அது. மெஷினை நிறுத்தும் சுவிட்ச்சுக்குப் போகும் ஒயர் நடுவில் அறுந்து, அதன் முனை மெஷின் உடம்பில் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது தொட்டுக்கிட்டு இருக்கதாலதான் பொறி வரல எஸ்தரு," என்றார். "ஒரு குலுக்குல வெலகியிருந்தா ஓடியிருக்கும். அப்புறம் நிப்பாட்ட முடியாது. நான் கயித்துல தொங்கிக்கிட்டு இருந்திருப்பேன்."

ஆக்சிலேட்டர் ஸ்பிரிங்கும் உடைந்திருந்தது. நான் ஓட வையும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கர்த்தரோ அந்த ஒயரை அங்கேயே ஒட்டிப் பிடித்துவைத்திருந்தார். ஒரு விதவையின் வாய்ச்சொல் என் கணவரை வந்து எட்டும்வரை.

சரஸ்வதியக்கா கும்பிடுவது வேறு பெயரை. நான் மறுத்துப் பேசவில்லை. பஸ் மாறி மாறி அவரை என் வாசலுக்கு நடத்திவந்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்துப் பைக் பட்டறையில் கழித்துப்போட்ட ஒயரும் ஸ்பிரிங்கும் சும்மாவே கொடுத்தார்கள். மாட்டி, என் கணவர் கயிற்றை இழுத்தார். இரண்டு விக்கல். பிறகு ஓடியது. அக்கா சேலையால் காதைப் பொத்திக்கொண்டார்.

"நிப்பாட்டுங்க!"

என் கணவர் சுவிட்ச்சை அமுக்கினார். நின்றது.

"இன்னொரு தடவ."

மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. போதும் என்று அவர் சொல்லும்வரை என் கணவர் ஓட்டி ஓட்டி நிறுத்திக் காட்டினார். கடைசியில் வீடு நிசப்தமானது. அப்போதுதான் அக்கா வாய்விட்டு அழுதார். "இப்ப நிக்கிது," என்றார். "இப்ப நிக்கிது தாயி."

அதன்பின் அவருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லையாம். என் கணவர் மழைக்கு முன்பே மலையேறினார். அன்று முதல் இன்றுவரை சுகமாகத் திரும்பி வருகிறார். முன்பு ஜெபத்துக்கு நிற்காமல் நழுவுகிறவர், இப்போது எனக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறார். அந்தப் புகை வாசம் என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியவேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

எதற்காகவோ கேட்டுக் கேட்டு, நடக்கவில்லையே என்று நீங்களும் சோர்ந்திருக்கலாம். கோபம் வந்தால் கோபத்தையும் கர்த்தரிடமே சொல்லுங்கள். நான் சொன்னேன். அவர் என்னைத் தள்ளவில்லை. அவர் பிடித்துவைத்திருப்பது எதை என்று நமக்குத் தெரியாது. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் முழங்கால்படியிடுங்கள். என் கணவரை எனக்குத் தந்தவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.