அணைத்து வைத்த பதினாறு நிமிடம்

காவல்துறைப் பட்டறையில் அவளை எல்லோரும் திருப்புளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காவலர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் கேமரா கெட்டுவிட்டதென்று வந்தால், சோதித்துப் பார்த்து, என்ன பழுது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. வருகிற பத்தில் ஏழு நன்றாகவே இருக்கும். நன்றாயிருப்பது ஏன் பழுது பார்க்க வருகிறது என்று மேலே யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் உறையிலிட்டு ஒரு கேமரா வந்தது. வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்ட லாரி டிரைவர் ஒருவர் தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். தானே தடுக்கி விழுந்தார், அந்த நேரம் பார்த்து கேமரா நின்றுவிட்டது என்பது காவலரின் வாக்குமூலம். அவள் அதைக் கணினியோடு கம்பியால் இணைத்துப் பார்த்தாள். பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்பதும் அதில் பதிவாகியிருந்தது. பகல் 11.42க்குக் கையால் அணைத்து, 11.58க்குத் திரும்பப் போட்டிருந்தார்கள். அதை அப்படியே எழுதினாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பேட்டரி கோளாறுன்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டா முடிஞ்சுதும்மா."

"பேட்டரி நல்லா இருக்கு சார்."

"பேட்டரிக்கு நீங்க என்ன ஜாமீனா?"

"என் கையெழுத்துக்கு நான்தானே சார் ஜாமீன்."

அடுத்த வாரமே மாற்றல் வந்தது. தெருமுனைக் கம்பங்களில் இருக்கும் கேமராக்களைப் பராமரிக்க வேண்டும். நாற்பத்தொன்பது வயதில், முட்டிவலியோடு ஏணி ஏறினாள். ஒரு கம்பத்து கேமராவில் தூசி படிந்தால் அரை மணிக்குள் மூன்று போன் வரும். தெருவில் போகிறவர்கள் முகம் தெளிவாக விழாவிட்டால் அவ்வளவு பதற்றம். பஸ் கண்டக்டரான அவள் கணவர், ஊதுகிற சங்கை ஊதியாகிவிட்டது, இனி விட்டுவிடு என்றார். அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்தாள்.

எட்டு மாதம் கழித்துத்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி அவள் வேலையில் சேர்ந்த தேதியைக் கேட்டார். கையெழுத்து அவளுடையதுதானா என்று கேட்டார். பொத்தானைப் பற்றி அவள் வாயெடுத்தபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நிறுத்திவிட்டார்.

வெளியே டிரைவரின் தங்கை காத்திருந்தாள்.

"அந்தப் பதினாறு நிமிஷம் எங்கயாவது இருக்குமாக்கா?"

"படம் இல்லம்மா. அணைச்சதுக்கு மட்டும்தான் சாட்சி இருக்கு."

பதிவேட்டின் பக்க எண்ணைச் சொல்லி, நகல் கேட்டு மனுப் போடச் சொன்னாள். அந்தப் பக்கம் நனைந்து எழுத்து அழிந்துவிட்டதாகப் பதில் வந்தது. இரும்பு அலமாரிக்குள் ஒரே ஒரு பக்கம் மட்டும் நனைகிற மழை எந்த ஊரில் பெய்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அன்று மதியமே விடுப்புப் போட்டு, தான் பார்த்ததை எல்லாம் டைப் அடித்துக் கையெழுத்திட்டு டிரைவர் தரப்பு வக்கீலிடம் கொடுத்தாள்.

கடைசியில் விசாரணையின் உத்தரவு வந்தது. கருவியைச் சரியாகப் பராமரிக்காததற்காகக் காவலருக்கு ஓர் எச்சரிக்கை. தாடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் இரண்டு முறை படித்துவிட்டுக் காகிதத்தைக் கணவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, டிரைவரின் தங்கை போடும் மேல்முறையீட்டில் சாட்சியாக நீ எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அந்த மேல்முறையீட்டு வழக்கு இதுவரை நான்கு முறை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. நான்கு முறையும் அவள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தாள்.