பிறந்த தேதி இல்லாதவர்கள்

என் அக்காவுக்குப் பிறந்த தேதி கிடையாது. பெரிய மழையில் ஏரி உடைந்த வருசம் பிறந்தாள் என்பார்கள். அது எந்த வருசம் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. புருசன் போன பிறகு எங்கள் வீட்டோடுதான் இருக்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. சாமையில் கிடக்கும் கல்லை விரலால் தடவித்தான் பொறுக்குவாள்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவன். புதூர்நாட்டில் எங்கள் விவசாயிகள் சங்கத்தின் உறுப்பினர் நோட்டு என் கையில் இருந்தது. அதைக் கணினிக்கு மாற்றலாம் என்றார்கள். போனில் தெரியும் பக்கத்தைத் திருப்பத்தூரில் ஒரு பெண் செய்தாள். அந்தப் பக்கம் கேட்கிற விவரத்தை உள்ளே தேடி எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. அதற்கு ஏபிஐ என்று பேர். தமிழில் வீடியோ பார்த்து டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டேன். சிக்னல் முருகன் கோயில் பாறையில்தான் வரும். விளக்கு ஏற்றிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன்.

அந்த மொழியில் எது எந்த வகை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேர் என்றால் எழுத்து, நிலம் என்றால் எண், பிறந்த நாள் என்றால் தேதி. மாற்றிப் போட்டாலும் விட்டுவிட்டாலும் அடியில் சிவப்புக் கோடு விழும். எங்கள் நோட்டில் தேதி இல்லாதவர்கள் நிறைய பேர், அக்காவும் அதில் ஒருத்தி. எத்தனையோ நாள் அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டினேன்.

கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்பார்கள். தெரியாது என்றால் சாமி பேருக்கே செய்துவிடுவார் ஐயர். அதில் குறை ஒன்றும் வராது. நானும் அப்படித்தான் நினைத்து, தேதி இல்லையென்றால் கணினியில் பேர் ஏற்றிய நாளையே போடு என்று ஒரு வரி எழுதினேன். கோடு மறைந்தது. பாறையிலேயே விழுந்து கும்பிட்டேன்.

அந்த வருசம் கண் ஆபரேசன் முகாம் வந்தது. அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும். கணினி வயது பார்த்து எடுத்த பட்டியல் சங்கத்திலிருந்து நேராகப் போய்விட்டது. என் வேலையின் மேல் இருந்த நம்பிக்கையில் நான் அதைப் பார்க்கவேயில்லை.

அக்கா விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நல்ல புடவை கட்டி, பையோடு ஜீப் பக்கத்தில் நின்றாள். முகாம்காரர் பேர் வாசித்து முடித்தார். அக்கா பேர் வரவில்லை. இன்னும் சிலர் பேரும் இல்லை.

"லிஸ்ட்டுல இருந்தாதாங்க பெட்டு. ஏத்திகினு போனாலும் அங்க திருப்பி அனுப்பிடுவாங்க."

"அந்த லிஸ்ட்டு எடுக்கற வேலய செஞ்சதே நாந்தாங்க. அக்கா பேரு வுட்டுப்போவாது."

"அப்போ ஒங்களத்தான் கேக்கணும்" என்றார். ஜீப் கிளம்பிவிட்டது.

"வுடு தம்பி. முருகன் இன்னும் கூப்புடல" என்றாள் அக்கா.

பாறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கணினியில் அக்கா பிறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. சங்கத்துக்குப் போன் போட்டேன். கட்டில் எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். அந்த வரியை அழித்து, தேதி இருக்கும் இடத்தில் 'தெரியாது' என்பதும் ஒரு பதில் என்று எழுதினேன். அதற்கு ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை.

அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவளோ, சாமிக்கு என்ன குறை வைத்தேனோ என்று கிருத்திகைக்குக் கிருத்திகை பட்டினி கிடந்தாள். "பாவம்ங்க, இன்னா தப்பு பண்ணாங்கன்னு இப்புடி கெடக்கறாங்க?" என்று என் பெண்சாதி கேட்பாள். என் தப்பை முருகன் சுமந்துகொண்டிருந்தான்.

அறுப்பு முடிந்து அடுத்த முகாமில் கூட்டிப்போனோம். இடது கண்ணில் புரை முற்றி, அழுத்தம் ஏறி, நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். முன்னமே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். வலது கண்ணுக்கு மட்டும் ஆபரேசன் செய்து கட்டுப் போட்டார்கள்.

சாயங்காலம் கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ ஒன் கம்ப்யூட்டருக்கு நான் கைக்கொழந்தையாடா?"

"ஆமாக்கா."

"அடப்பாவி. தூளி கட்டி ஆட்டியிருக்கலாமே."

சிரித்தாள். நான் நின்றது தலைமாட்டில். கட்டுப் போடாத இடது கண்ணோடு அவள் சிரித்தது கதவுப் பக்கம் பார்த்து.