பாப்பாவுக்கு மூச்சு வேண்டும்

மாடியில் நின்று படுக்கை விரிப்பை உதறக் கையை ஓங்கினால் போதும், கீழேயிருந்து குரல் வந்துவிடும். "உதறாதீங்க! நனைச்சுப் பிழிஞ்சு காயப்போடுங்க. உங்க வீட்டுத் தூசியத் தின்னுறதுக்கு எங்க வீட்டு மூக்குதான் கெடச்சுதா?"

எங்கள் வீட்டுக்கும் பக்கத்துக் குதிரை லாயத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். அந்தப் பக்கம் இருப்பவர் லாயத்தக்கா. தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு. அச்சில் ஏற்ற முடியாது.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. தூசி கிளப்பும் யாரும் அவருக்கு ஜென்ம விரோதி. தெருக் கூட்டுபவரோடு சண்டை, கம்பளம் தட்டும் வீட்டோடு சண்டை. எதிர்வரிசைத் தச்சர் அவருக்குப் பயந்து கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளே வியர்த்து வழிந்தபடி பலகை இழைக்கிறார். அக்கா வீட்டுக் குளியல் தொட்டியில் எந்நேரமும் புல் ஊறிக்கொண்டிருக்கும். அவர் குளிப்பது வாளித் தண்ணீரில். "புல்லு காஞ்சிருந்தா தூசி பறக்கும். நான் காஞ்சிருந்தா யாருக்கு என்ன?" என்பார்.

எல்லாம் பாப்பாவுக்காக. பாப்பா என்பது பல் நீண்டுபோன ஒரு கிழட்டுப் பெண் குதிரை. அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சவாரிப் பள்ளியில், முதன்முதலாக ஏறும் பிள்ளைகளையெல்லாம் கீழே தள்ளாமல் சுமந்தது அதுதான். சில வருஷமாக அதற்கு இழுப்பு. மூச்சை வெளியே விடும்போது வயிறு எக்கும், விலாவோரம் கயிறு கட்டினாற்போல ஒரு கோடு விழும். அந்தச் சத்தம் மதிலைத் தாண்டி என் சமையலறைக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே சாப்பிடுவது கஷ்டம்.

தம்பி கெட்டவர் இல்லை. தேய்த்த சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக, ஒரு துளி சாணம் மேலே படாமல் லாயம் முழுக்கச் சுற்றிவரும் சாமர்த்தியசாலி. "அக்கா, அது படுற பாட்டப் பாரு. ஒரு ஊசியோட நிம்மதியாப் போயிடும்" என்று நயமாகத்தான் சொல்லிப் பார்த்தார்.

"குளிர் வந்தா உனக்குங்கூடத்தான் இழுக்குது. உனக்கு ஊசி போட்டேனா?" என்றார் அக்கா. தம்பி அன்று சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டார்.

மாத்திரை, ஊசி, மூக்கில் மாட்டும் புகை மருந்து எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் குதிரை டாக்டர் ஒன்று சொன்னார். கழுத்து நரம்பு வழியாக உப்புநீரைத் தாராளமாக ஏற்றுவது. உடம்பில் நீர் மிஞ்சினால் நுரையீரல் பக்கமும் கசியும். அங்கே பசைபோல ஒட்டிக் கிடக்கும் சளி இளகும். குதிரை இருமித் தள்ளிவிடும். மனிதர் மறைக்காமல் பேசுபவர். "எல்லா டாக்டரும் இத ஒத்துக்க மாட்டாங்கம்மா. வயசான உடம்பு, தாங்காமலும் போகலாம். இதுலயும் கேக்கலன்னா தம்பி சொல்ற வழிதான்."

"தாங்கும். என்னையே இத்தன வருஷமாத் தாங்குது" என்றார் அக்கா.

மறுநாள் காலை மதிலோரம் ஸ்டூல் போட்டு ஏறி நின்றுவிட்டேன். அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது தப்புதான், ஆனால் குதிரைக்கு டிரிப்ஸ் ஏறுவதை எவர் பார்த்திருக்கிறார்கள்? நமக்கு ஆஸ்பத்திரியில் மாட்டுவது சொட்டுச் சொட்டாக. இங்கே கூரை வளையில் தலையணை அளவு சலைன் பைகள் தொங்கின. குழாய் வழியே விறுவிறுவென்று ஓடியது. ஒன்று தீருமுன் டாக்டர் அடுத்ததை மாட்டினார். பாப்பாவுக்கு வேர்த்தது, உடம்பு நடுங்கியது, சாணம் தண்ணீராகப் போயிற்று. அக்கா அதன் தாடையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். தெருவையே கிழிக்கும் குரலா அது என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. "அவ்ளோதான்டி தங்கம், இன்னும் கொஞ்சந்தான்டி" என்று ஒரே குழைவு.

இரண்டாம் நாள்தான் வினை வந்தது. டாக்டர் கை கழுவப் போயிருந்தார். பாப்பா தலையைத் தரைவரை தொங்கப் போட்டது. மூக்கின் இரண்டு துவாரத்திலிருந்தும் நீர் தாரையாக ஊற்றத் தொடங்கிற்று. உள்ளே வந்த தம்பி பதறிப்போனார். "ஐயோ, உள்ளுக்குள்ளயே மூழ்குது! கொல்றீங்களேக்கா!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை நெருடி அடைத்துவிட்டார். ஸ்டூலில் நின்ற நானும் அடைக்கச் சொல்லித்தான் கத்தினேன். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"கைய எட்றா! ஒழுகும்னு டாக்டர் சொன்னாரில்ல? ஒழுகுறதுக்குத்தானே ஏத்துறோம்?"

"சாகப்போகுதுக்கா!"

"செத்தா என் தோள்ல சாவட்டும். நீ எடு கைய!"

தம்பியின் மணிக்கட்டை அக்கா பிடித்த பிடியில் விரல்கள் தானாக விரிந்தன. டாக்டர் ஈரக்கையோடு ஓடிவந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். திறந்துவிடச் சொல்லித் தலையசைத்தார். சக்கரத்தைத் தள்ளிவிடுமுன் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பயமில்லாத பிறவி என்று அவரை நினைத்திருந்தேன், அப்படி இல்லை. அந்த நிமிஷம் முதல் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கொஞ்ச நேரத்தில் பாப்பா இருமியது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய இருமல். அடுத்த இருமலில், தடித்துப் பழுத்த சளிக்கட்டி ஒன்று பறந்துவந்து தம்பியின் தேய்த்த சட்டையில் பட்டு இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை, அக்கா மட்டும் அதை விரலால் வழித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நகைக்கடையில் நிற்பவர் போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன நாளும் இத வச்சுக்கிட்டாடா மூச்சு விட்டா எம் புள்ள?"

சிகிச்சை முடிந்த அன்று டாக்டர் நெடுநேரம் விலாவில் குழலை நகர்த்தி நகர்த்திக் கேட்டார். காலையிலிருந்தே என் சமையலறைக்கு அந்த இழுப்புச் சத்தம் வரவில்லை; மறுபடி ஸ்டூலில் ஏறி நின்றிருந்தேன். "நல்லாவே திறந்திருக்கு. ஆனா நோய் போயிடுச்சுன்னு நெனக்காதீங்க. இந்தக் கூரைக்குக் கீழ காஞ்ச புல்லு, வைக்கோல் எது வந்தாலும் பழையபடி ஆயிடும். சவாரியும் இனிமே வேண்டாம்" என்றார்.

தம்பி தொண்டையைக் கனைத்தார். பாப்பாவுக்குப் பக்கத்துக் கொட்டடி காலியாகத்தானே கிடக்கிறது, அதற்கு ஒரு புதுக் குதிரையைப் பேசி முடித்துவிட்டாராம். சவாரிக்குக் குதிரை வேண்டாமா? "அது வைக்கோல்லதான் படுத்துப் பழகினது. காஞ்ச புல்லுதான் தின்னும். இப்ப வண்டியில வந்துக்கிட்டிருக்கு. நான் என்ன செய்யட்டும், சொல்லு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"வேற எடத்துல கட்டு."

"வேற எடம் ஏதுக்கா? கொட்டடி காலியாத்தானே இருக்கு?"

அக்கா சட்டென்று திரும்பினார். விடுவிடென்று வீட்டுக்குள் போனார். தோற்றுப்போய் அழப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உள்ளே எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு நிலையில் இடித்துக்கொண்டு முதலில் வெளியே வந்தது ஓர் இரும்புக் கட்டிலின் கால். பின்னாலேயே தள்ளிக்கொண்டு அக்கா. முற்றத்தைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, வாயைத் திறந்தபடி நின்ற தம்பியைத் தாண்டி, காலிக் கொட்டடியின் நடுவே கொண்டுபோய் அதைப் போட்டார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே புதுக் குதிரை கனைத்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்தார். ரப்பர் பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டையும் ஜோடி சேர்த்து, வீட்டில் வைப்பதுபோலவே, கட்டிலுக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தார்.